புகைப்பெட்டிக்குக் கண் எங்கே இருக்க வேண்டும்?

"ஏங்க, மின்சாரத்தில் ஓடும் புகைப்பெட்டி ஒன்று வாங்கினால் என்ன? மாதத்தில் நாலு தடவை புகை மீன் போட்டு விற்றாலே பிள்ளையின் டியூஷன் காசு வந்துவிடுமே!"

இந்தப் பேச்சு உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம். தோட்டத்துச் சம்பளத்தோடு கைத்தொழில் ஒன்றும் சேர்ந்தால்தான் குடும்ப வண்டி குடைசாயாமல் ஓடுகிறது. சிலர் கோழி வளர்க்கிறார்கள். சிலர் முறுக்குச் சுட்டுக் கடைக்குப் போடுகிறார்கள். அந்த வரிசையில் இப்போது புகை மீனும் புகை இறைச்சியும் சேர்ந்திருக்கின்றன.

மலாய்ச் சகோதரர்கள் இதைச் 'சாலாய்' என்பார்கள். நெகிரி செம்பிலான் பக்கம் புகை போட்ட இறைச்சியைத் தேங்காய்ப் பாலும் மஞ்சளும் காரமான சிறு மிளகாயும் சேர்த்துக் குழம்பு வைப்பது பெயர் பெற்றது. பகாங் ஆற்றங்கரையில் உள்ள தெமெர்லோ நகரம் பாத்தின் மீனுக்குப் புகழ்பெற்றது. கெளுத்தி மீனைப் புகை போட்டு விற்பவர்களை நாட்டின் பல சந்தைகளில் பார்க்கலாம். கேட்டு வாங்க ஆள் இருக்கிறது என்பதில் ஐயமில்லை.

ஆனால் பெட்டி வாங்கக் கடைக்குப் போனால் ஒரு கேள்வி எதிரே வந்து நிற்கும். "சூட்டைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் பெட்டியோடு சேர்ந்து வர வேண்டுமா, தனியாக வாங்கிப் பொருத்துகிறீர்களா?" கடைக்காரர் விலை அதிகமானதைத்தான் நல்லது என்பார். வீட்டுப் பிள்ளை பளபளப்பானதைத்தான் நல்லது என்பான். காசு உங்களுடையது. ஆகவே, கொட்டிக் கொடுப்பதற்கு முன் கொஞ்சம் உட்கார்ந்து பேசுவோம்.

புகைக்கூடத்தை நினைத்துப் பாருங்கள்

புகையும் சூடும் நமக்குப் புதியவை அல்ல. உங்கள் வீட்டில் எழுபது எண்பது வயதுப் பெரியவர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ரப்பர் ஷீட் போட்ட காலத்தில் தோட்டத்துப் புகைக்கூடம் எப்படி இருந்தது என்று சொல்லுவார்.

உருளையில் அழுத்தி எடுத்த ஷீட்டுகளைக் கழிகளில் தொங்கவிட்டு, ரப்பர் விறகின் புகையில் நாலைந்து நாள் காய வைப்பார்கள். முதல் நாள் ஈரம் வடியும்வரை சூடு மிதமாக இருக்கும். பிறகு மெல்ல மெல்ல 60 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கொண்டு வருவார்கள். சூடு மிஞ்சினால் ஷீட்டில் கொப்புளம் கிளம்பிவிடும். சூடு குறைந்தால் பூசணம் பிடிக்கும். இரண்டில் எது நடந்தாலும் ஷீட்டின் ரகம் இறங்கும், விலையும் இறங்கும். அதனால்தான் இரவிலும் ஓர் ஆள் விழித்திருந்து தெர்மாமீட்டரைப் பார்த்துப் பார்த்து விறகு தள்ளினார்.

1965-ஆம் ஆண்டில் எஸ்.எம்.ஆர். என்னும் தரமுறை வந்தது. கட்டி ரப்பர் பெருகியது. புகைக்கூடங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஆனால் அந்தப் புகைக்கூடம் சொல்லித் தந்த பாடம் அணையவில்லை. அங்கே மூன்று பொருள்கள் இருந்தன: சுவர், நெருப்பு, கண். சுவர் சூட்டைப் பிடித்து வைத்தது. நெருப்பு சூட்டைக் கொடுத்தது. கண், அதாவது தெர்மாமீட்டரும் அதைப் பார்த்த ஆளும், சூட்டை அளந்து அடக்கியது.

மின்சாரப் புகைப்பெட்டியிலும் இதே மூன்றுதான். பெட்டிதான் சுவர். அடியில் இருக்கும் சூட்டுக் கம்பிதான் நெருப்பு. கண்ட்ரோலர்தான் கண். உங்கள் முன்னே இருக்கும் கேள்வி இவ்வளவுதான்: கண் சுவரிலேயே பதிந்திருக்க வேண்டுமா, கழற்றி மாற்றும்படி தனியாக இருக்க வேண்டுமா?

பெட்டியோடு வரும் கண்ட்ரோலர்

இதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஓவனில் இருப்பது போலத் திருகும் குமிழ். மற்றொன்று, எண்கள் ஒளிரும் பொத்தான் பலகை.

இதன் நன்மைகளை முதலில் சொல்லிவிடுவோம். பிளக்கைச் சொருகி, சூட்டையும் நேரத்தையும் வைத்தால் வேலை முடிந்தது. வயர் இழுக்க வேண்டாம், வயர்மேனைத் தேட வேண்டாம். சூட்டை அறியும் சென்சார் உள்ளே திருகு போட்டு முடுக்கப்பட்டிருக்கும். பூனை இழுத்தாலும் பிள்ளை இடறினாலும் அது விழாது. கெட்டுப்போனால் எல்லாவற்றுக்கும் ஒரே கடை, ஒரே கியாரண்டி. வயதான அம்மாவோ பள்ளிப் பிள்ளையோ தனியாக இருக்கும் வீட்டுக்கு இது பெரிய வசதி.

குறை என்ன? சென்சார் பெரும்பாலும் பின்சுவரில் இருக்கும். மீன் இருப்பதோ நடுத் தட்டில். பின்சுவரின் சூடும் நடுத் தட்டின் சூடும் ஒன்றல்ல. பலகை 100 என்று காட்டும்போது மீன் இருக்கும் இடத்தில் பத்துப் பதினைந்து டிகிரி கூடவோ குறையவோ இருக்கலாம். குமிழ் வகையில் ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம். கம்பி அணைந்தபின்னும் அதில் தங்கிய சூடு ஏறிக்கொண்டே போகும். பிறகு நன்றாக இறங்கிய பின்னர்தான் மறுபடி எரியத் தொடங்கும்.

இறைச்சிக்கு இந்த ஏற்ற இறக்கம் பெரிய கேடு செய்யாது. மெல்லிய மீனுக்குச் செய்யும். சூடு திடீரென்று ஏறினால் மீனின் மேல்புறம் இறுகி, உள்ளே ஈரம் அடைபட்டுப் போகும்.

எங்கள் வீட்டில் நடந்தது

நாங்கள் வாங்கியது பொத்தான் பலகை வைத்த பெட்டிதான். நானே பிடிவாதம் பிடித்து வாங்க வைத்தேன். நாலு மாதம் ஒரு குறையும் இல்லை.

ஒரு சனிக்கிழமை. பக்கத்து டவுனில் ஒரு கல்யாண வீட்டுக்கு 12 கிலோ கெளுத்தி கேட்டிருந்தார்கள். மத்தியானம் பெட்டியில் அடுக்கிவிட்டுச் சமையல் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். மாலையில் இடி இடித்தது. மின்சாரம் கண் சிமிட்டும் நேரம் போய், உடனே வந்துவிட்டது. காற்றாடி சுற்றியது, டெலிவிஷன் பேசியது. எல்லாம் சரிதான் என்று இருந்துவிட்டேன்.

இரண்டு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் பெட்டி ஆறிப் போயிருக்கிறது! மின்சாரம் ஒரு நொடி போனதும் பலகை தன் நினைவை இழந்துவிட்டது. திரும்பப் பொத்தானை அழுத்தினால்தான் எரியும் என்பது எனக்குத் தெரியாது. அரைகுறை வேக்காட்டில் வெதுவெதுப்பாகக் கிடந்த மீனை விற்க மனம் வரவில்லை. 12 கிலோவையும் குழி தோண்டிப் புதைத்தோம். கல்யாண வீட்டாருக்குச் சொன்ன சொல்லும் போயிற்று.

அடுத்த மாதம் இன்னோர் இடியில் பலகையே செத்துவிட்டது. வாங்கிய கடையில் கேட்டால், "இந்த மாடலுக்குப் பலகை இப்போது வருவதில்லை, புதுப் பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். பெட்டி நன்றாக இருக்கிறது. கதவு நன்றாக இருக்கிறது. கம்பியும் நன்றாக இருக்கிறது. உள்ளங்கை அகலப் பலகை போனதற்கு முழுப் பெட்டியும் குப்பைக்கா?

திண்ணையில் உட்கார்ந்திருந்த என் அப்பா, அந்தக் காலத்தில் புகைக்கூடத்தில் விறகு தள்ளியவர், ஒரு வார்த்தை கேட்டார். "சுவரு இருக்கு, நெருப்பு இருக்கு, கண்ணுதானம்மா போச்சு? தெர்மாமீட்டரு ஒடஞ்சதுன்னு யாராச்சும் புகைக்கூடத்த இடிப்பாங்களா?"

அதன்பிறகுதான் தனிக் கண்ட்ரோலரைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினோம். பதிவு பெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்து, செத்த பலகையைக் கழற்றி, சூட்டுக் கம்பிக்கு நேரே மின்சாரம் போகும்படி செய்து, பாதுகாப்பு வெட்டியும் தனிக் கண்ட்ரோலரும் வைத்தோம். இன்றும் அந்தப் பெட்டி ஓடுகிறது. நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை நீங்கள் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

தனிக் கண்ட்ரோலர் எப்படி வேலை செய்கிறது?

இது கைக்கு அடக்கமான ஒரு சிறு பெட்டி. ஒரு பக்கம் சுவர் பிளக்குக்குப் போகும். மறுபக்கம் புகைப்பெட்டியின் பிளக்கை வாங்கிக்கொள்ளும். நீண்ட கம்பியில் ஒரு சென்சார் தொங்கும். அந்தச் சென்சாரை மீன் இருக்கும் தட்டிலேயே வைக்கலாம். மீன் படும் சூட்டையே அளக்கலாம் என்பதுதான் இதன் முதல் நன்மை.

இதிலும் இரண்டு வகை இருக்கிறது.

முதல் வகை, அணைத்து ஏற்றும் வகை. நீங்கள் 80 என்று வைத்தால், 80 ஆனதும் அணைத்துவிடும். 78-க்கு இறங்கினால் ஏற்றிவிடும். அந்த இரண்டு டிகிரி வித்தியாசத்தை நீங்களே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். விலை குறைவு, புரிந்துகொள்வதும் எளிது.

இரண்டாவது வகைக்குப் 'பி.ஐ.டி.' என்று பெயர். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். பொங்கல் அன்று பால் பொங்கி வரும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? வழிந்த பிறகா விறகை இழுக்கிறீர்கள்? பால் மேலே ஏறும் வேகத்தைப் பார்த்து, முன்கூட்டியே இழுத்துவிடுகிறீர்கள் அல்லவா? பி.ஐ.டி. செய்வதும் அதுதான். சூடு எவ்வளவு குறைவாக இருக்கிறது, எவ்வளவு நேரமாகக் குறைந்திருக்கிறது, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்ற மூன்றையும் கணக்குப் பார்த்து, மின்சாரத்தைத் துளித் துளியாக விடும். சரியாகப் பொருத்தினால் ஓரிரு டிகிரிக்குள் சூட்டை நிறுத்தும்.

எந்த வகையானாலும், கெட்டால் கண்ட்ரோலரை மட்டும் மாற்றினால் போதும் என்பதுதான் இரண்டாவது நன்மை. கடையில் ஒரு மாடல் வராவிட்டால் இன்னொன்று பொருந்தும். பெட்டி உங்களோடு பல வருடம் இருக்கும்.

சேராத ஜோடி

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள், கவனியுங்கள். பொத்தான் பலகை வைத்த பெட்டியை வாங்கி, அதை அப்படியே தனிக் கண்ட்ரோலரிலும் சொருகக் கூடாது.

ஏன்? தனிக் கண்ட்ரோலர் சூட்டை அடக்கும் வழி, மின்சாரத்தை நிறுத்தி நிறுத்தி விடுவதுதான். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் பலகைக்கு அது மின்சாரம் போனது போலத்தான். எங்கள் வீட்டில் இடி செய்த வேலையை இங்கே கண்ட்ரோலரே செய்யும். பெட்டி முதல் முறை அணைந்ததும் அணைந்ததுதான், திரும்ப எரியாது.

தனிக் கண்ட்ரோலருக்கு ஏற்றது குமிழ் வைத்த பெட்டி, அல்லது ஒன்றுமே இல்லாமல் கம்பியும் பிளக்கும் மட்டும் உள்ள பெட்டி. குமிழ் இருந்தால் அதைக் கண்ட்ரோலரில் வைத்த சூட்டுக்குக் கொஞ்சம் மேலே திருகி வைத்துவிடுங்கள். கண்ட்ரோலர் தவறினாலும் குமிழ் ஓரளவு காவல் காக்கும்.

புகை வராமல் போவது ஏன்?

தனிக் கண்ட்ரோலர் வாங்கியவர்கள் சொல்லும் புகார் இது: "சூடு அச்சு மாறாமல் நிற்கிறது, ஆனால் மீனில் புகை வாசமே இல்லை!"

காரணம் எளிது. பல பெட்டிகளில் மரச் சீவல் தட்டு சூட்டுக் கம்பிக்கு மேலேயே இருக்கும். பெட்டிக்குள் 80 டிகிரி போதும். ஆனால் சீவல் கனன்று புகைய 200 டிகிரிக்கு மேல் வேண்டும். கம்பி தொடர்ந்து எரிந்தால்தான் தட்டு அந்தச் சூட்டை எட்டும். கண்ட்ரோலர் மின்சாரத்தைத் துளித் துளியாக விட்டால் தட்டு சூடேறாது, புகையும் வராது. பழைய குமிழ்ப் பெட்டி சூட்டில் தடுமாறினாலும் புகையில் தாராளம் காட்டியதற்கு இதுதான் காரணம்.

இதற்கு வழி, நெருப்பையும் புகையையும் பிரித்துவிடுவதுதான். துளையிட்ட உலோகத்தில் வளைந்து வளைந்து போகும் பாதை வைத்த சிறு தட்டுகள் விற்கிறார்கள். அதில் மரத்தூளை நிரப்பி ஒரு முனையில் பற்ற வையுங்கள். கொசுவர்த்திச் சுருள் போல ஓசையில்லாமல் பல மணி நேரம் புகைந்துகொண்டிருக்கும். சூட்டைக் கம்பி பார்த்துக்கொள்ளும். புகையைத் தட்டு பார்த்துக்கொள்ளும்.

மரத்தூள் என்றதும் மேசை நாற்காலி செய்யும் பட்டறையில் ஒரு மூட்டை கேட்டு வாங்கிவிடாதீர்கள். பூச்சி அரிக்காமல் இருக்க ரப்பர் பலகைக்குப் போரான் மருந்து ஏற்றுகிறார்கள். பசையும் சாயமும் வேறு கலந்திருக்கும். மருந்தோ சாயமோ படாத, நன்றாகக் காய்ந்த ரம்புத்தான் மரம், தேங்காய் மட்டை போன்றவை போதும்.

உயிரோடு விளையாடும் தவறுகள்

இனிச் சொல்லப்போவதை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து படியுங்கள்.

சென்சார் கழன்று வெளியே விழுந்தால் என்ன ஆகும்? அது வெளிக்காற்றின் சூட்டை அளக்கும். "இன்னும் 30 டிகிரிதான் இருக்கிறது" என்று எண்ணிக்கொண்டு கண்ட்ரோலர் கம்பியை எரித்துக்கொண்டே இருக்கும். உள்ளே கொழுப்புச் சொட்டித் தீப்பற்றலாம். தனிக் கண்ட்ரோலரின் மிகப் பெரிய ஆபத்து இதுவே. சென்சாரை எப்போதும் தட்டோடு சேர்த்துக் கம்பி போட்டுக் கட்டுங்கள். கதவிடுக்கில் நசுங்க விடாதீர்கள்.

பி.ஐ.டி. வகைகள் பலவற்றில் 'கே' வகைத் தெர்மோகப்பிள் என்னும் இரட்டைக் கம்பிச் சென்சார் வரும். அதன் இரண்டு முனைகளையும் மாற்றிப் பொருத்திவிட்டால், சூடு ஏற ஏற எண் இறங்கும்! கண்ட்ரோலரும் நிறுத்தாமல் எரித்துக்கொண்டே போகும். பொருத்தியதும் முதல் வேலையாகச் சென்சார் நுனியைக் கையில் பிடித்துப் பாருங்கள். எண் ஏற வேண்டும். இறங்கினால் உடனே நிறுத்தி மாற்றச் சொல்லுங்கள்.

பி.ஐ.டி.யோடு வரும் 'சாலிட் ஸ்டேட் ரிலே' என்னும் மின்விசை அதிகச் சூடேறும். அதை அலுமினியத் தகட்டில் பொருத்த வேண்டும். அது கெடும்போது பெரும்பாலும் மின்சாரம் பாயும் நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். அதாவது, கம்பி அணையவே அணையாது. ஆகவே, வைத்த எல்லையைத் தாண்டினால் மின்சாரத்தை வெட்டிவிடும் பாதுகாப்பு வெட்டி ஒன்று பெட்டிக்குள் தனியாக இருந்தே ஆக வேண்டும். சாதாரணமாக 110 டிகிரிக்குள் ஓடும் பெட்டிக்கு 140 அளவில் வெட்டும்படி வைக்கலாம். விலை அதிகமில்லை, ஆனால் வீட்டையே காப்பாற்றும்.

கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டிக்கு விற்கும் மலிவுக் கண்ட்ரோலரை வாங்காதீர்கள். அவற்றில் பல 99 டிகிரிக்கு மேல் அளக்காது. சென்சார் கம்பியின் பிளாஸ்டிக் உறையும் அந்தச் சூட்டைத் தாங்காது.

கண்ட்ரோலரின் ஆம்பியரையும் கணக்குப் பாருங்கள். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 800 வாட் கம்பி 230 வோல்ட்டில் ஏறக்குறைய மூன்றரை ஆம்பியர் இழுக்கும். 1500 வாட் கம்பி ஆறரை ஆம்பியர் இழுக்கும். 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும் மலிவு ரிலேயில் அதன் பாதி அளவுக்கு மேல் சுமத்தாமல் இருப்பது நல்லது.

அமெரிக்காவிலிருந்து வரும் பெட்டி மலிவாகக் கிடைத்தால் அவசரப்பட வேண்டாம். அங்கே 120 வோல்ட். நம் நாட்டு 230, 240 வோல்ட்டில் நேரே சொருகினால், இரு மடங்கு வோல்ட்டுக்கு நான்கு மடங்கு சூடு. 800 வாட் கம்பி 3200 வாட்டை இழுக்கப் பார்த்து எரிந்துபோகும். தகட்டில் 230 அல்லது 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்டி நனையும் இடத்தில் இருக்கக் கூடாது. மூன்றாவது முள்ளான எர்த் இல்லாத பிளக்கில் சொருகக் கூடாது. லயத்து வீட்டுப் பழைய வயரிங்கில் ஒரே இணைப்பில் சோற்றுப் பானையும் புகைப்பெட்டியும் போடக் கூடாது. திறந்த வயர் வேலை எதுவானாலும் பதிவு பெற்ற வயர்மேன் கையில்தான் நடக்க வேண்டும்.

இடி மின்னலுக்கு இரண்டு வகைக் கண்ட்ரோலரும் பயந்தவைதான். மேற்குக் கரையில் பருவக்காற்று மாறும் மாதங்களில் மாலை இடி வழக்கம். விடியற்காலையில் தொடங்கி மத்தியானத்துக்குள் புகையை முடித்துவிடுங்கள். முடிந்ததும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

மீனுக்குள் ஒரு தெர்மாமீட்டர்

எந்தக் கண்ட்ரோலரை வாங்கினாலும், கூர்முனை வைத்த தெர்மாமீட்டர் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். கண்ட்ரோலர் அளப்பது காற்றின் சூட்டை. மீன் வெந்ததா என்பதை மீனைத்தான் கேட்க வேண்டும்.

சுத்தம் செய்து உப்பு நீரில் ஊறவைத்த மீனை முதலில் காற்றில் உலர்த்துங்கள். மேல்தோல் தொட்டால் ஒட்டும் பதம் வர வேண்டும். பெட்டியில் முதலில் 60 டிகிரி அளவில் கொஞ்ச நேரம் வைத்து, பிறகு 80, 100 என்று படிப்படியாக ஏற்றுங்கள். மீனின் தடித்த பாகத்தின் நடுவில் 63 டிகிரி வந்து, அந்தச் சூட்டில் அரை மணி நேரம் நிற்க வேண்டும். கோழியானால் உள்ளே 74 டிகிரி வேண்டும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் பெருகும். எங்கள் 12 கிலோ மீனைப் புதைத்ததன் காரணம் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

இப்படிச் செய்த மீன் கருவாடு அல்ல. புகை பட்டுவிட்டதே என்று வெளியில் வைக்கக் கூடாது, ஐஸ்பெட்டியில்தான் வைக்க வேண்டும். காற்றை உறிஞ்சி அடைத்த பிளாஸ்டிக் பையில் இருந்தாலும் இதே விதிதான். காற்றில்லாத இடத்திலும் நஞ்சு உண்டாக்கும் கிருமி உண்டு.

தெர்மாமீட்டர் பொய் சொல்லுகிறதா என்று சோதிக்கவும் வழி இருக்கிறது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது நுனியை விட்டால் 100 டிகிரி காட்ட வேண்டும். நொறுக்கிய ஐஸ் கலந்த தண்ணீரில் 0 காட்ட வேண்டும். கேமரன் மலை வாசகர்கள் 100 வரவில்லையே என்று தெர்மாமீட்டரை வீசிவிட வேண்டாம். தானா ராத்தா உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும்!

சரி, யாருக்கு எது?

தீபாவளிக்கும் பிள்ளை பிறந்தநாளுக்கும் மட்டும் புகை போடப் போகிறீர்களா? குமிழ் வைத்த எளிய பெட்டியே போதும். தெர்மாமீட்டர் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். தனிக் கண்ட்ரோலர் தேவையில்லை.

வீட்டில் வயர், ஆம்பியர் என்றால் பயப்படுகிறவர்கள்தாம் இருக்கிறார்களா? பலகை வைத்த பெட்டியை வாங்குங்கள். ஆனால் வாங்கும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள். "மின்சாரம் போய் வந்தால் தானாக எரியுமா? பலகை கெட்டால் தனியாகக் கிடைக்குமா?" இரண்டுக்கும் நேரான பதில் வராத கடையில் வாங்காதீர்கள்.

விற்றுப் பிழைக்கப் போகிறீர்களா? அப்படியானால் எளிய பெட்டியும் தனிக் கண்ட்ரோலரும்தான் உங்களுக்கு ஏற்றவை. பிளக்கும் சாக்கெட்டும் வைத்து முழுமையாக வரும் கண்ட்ரோலராக வாங்குங்கள். மின்சாரம் போய் வந்தால் வைத்த சூட்டை நினைவில் வைத்திருக்குமா என்று கடையிலேயே பிளக்கைக் கழற்றிச் சொருகிப் பாருங்கள். கையில் காசு வரும்போது மலிவான கண்ட்ரோலர் இன்னொன்றை வாங்கி அலமாரியில் வையுங்கள். ஒன்று செத்தால் பத்து நிமிடத்தில் மற்றொன்றை மாட்டிவிடலாம். ஒப்புக்கொண்ட ஆர்டர் தவறாது.

மின்சாரச் செலவைக் கண்டு மலைக்க வேண்டாம். 800 வாட் கம்பி ஐந்து மணி நேரத்தில் பாதி நேரம் எரிந்தால் 2 யூனிட். உங்கள் பில்லில் ஒரு யூனிட் என்ன விலை என்று பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். மீன் விலை, உப்பு, மரத்தூள், பை எல்லாவற்றோடும் அதையும் நோட்டில் எழுதுங்கள்.

விற்பவர்களுக்கு இன்னொரு வார்த்தை. 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி உணவு தயாரிக்கும் இடத்தைச் சுகாதார அமைச்சிடம் பதிவு செய்ய வேண்டும். உணவைக் கையாளுகிறவர் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் பெற வேண்டும். வட்டாரச் சுகாதார அலுவலகத்தில் கேட்டு முறையாகத் தொடங்கினால் பிறகு யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. கண்ட்ரோலர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், பெட்டி எரியும்போது வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை போய் எண்ணைப் பாருங்கள், புகையைப் பாருங்கள், கதவோரம் கை வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் இந்த வேலையை அப்பாவே ஏற்றுக்கொண்டார். பெட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். "மிஷினு பாத்துக்கும்பா" என்று பேரன் சொன்னால், "மிஷின யாருடா பாத்துக்குவா?" என்று கேட்கிறார்.